வாசிப்பு நின்ற நான்கு நிமிடம்

தீபு,

ஞாயிற்றுக்கிழமை காலைக்கு முன்னால் இதைப் படித்துவிடு. அன்று பத்து மணிக்கு நீ சேலையூர் குருத்வாராவில் நூல் வாசிக்கும் கிரந்தியாகப் பொறுப்பேற்று, விதானத்துக்குக் கீழே விரித்துவைத்திருக்கும் அந்தப் பெரிய நூலுக்குப் பின்னால் உட்காரப்போகிறாய். இருபத்து நான்கு வயதில் யாரும் சொல்லாமல் நீயாகத் தேர்ந்தெடுத்த காரியம் அது. அதற்கு முன்னால் உனக்குத் தெரிந்திருக்கவேண்டிய ஒன்றை ஐந்து வருஷமாக நான் மறைத்துவைத்திருக்கிறேன். உன் அப்பா இறந்தபோது அவருக்காக நடந்த அகண்ட பாத், அந்த இடைவிடாத வாசிப்பு, முழுதாக நடக்கவில்லை. இரண்டாம் நாள் பிற்பகல் நடுவில் நின்றுபோனது. அது நின்றதற்கு நான் காரணம். இந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து நேரில் சொல்லிவிடவேண்டும் என்று பார்க்கிறேன். நீ சாப்பிட உட்காரும்போதெல்லாம் வேறு ஏதோ பேசிவிட்டு எழுந்து போகிறேன். நாற்பத்தொன்பது வயதில் இதை ஒரு கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. எழுதினால் ஓட முடியாது என்பதால் எழுதுகிறேன். இதன் பிரதி ஒன்றை குருத்வாரா கமிட்டிக்கும் கொடுக்கப்போகிறேன், ஏனென்றால் அந்த மூன்று நாளும் மழையில் நனைந்து வந்து உட்கார்ந்திருந்த எல்லோரையும் சேர்த்துத்தான் நான் ஏமாற்றினேன்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்தவற்றையும் கொஞ்சம் எழுதவேண்டியிருக்கிறது. நான் தாம்பரத்துக்காரி, கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள், எந்தக் கோவிலுக்கும் போய்ப் பழகாதவள். உன் அப்பா சீக்கியர், விமானப்படை மெக்கானிக்காக இங்கே வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பாமல் நின்றுவிட்டவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு கேம்ப் ரோட்டுப் பக்கம் மாவு மில்லுக்கு மேலே இருக்கும் அந்த மாடி ஹாலுக்கு நானும் வருவேன். தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கடைசியில் சுவரோரமாக உட்காருவேன், ஆனால் ஒருநாளும் நூலுக்கு முன்னால் தலை தரையில் படக் கும்பிட்டதில்லை. அப்போது அங்கே கிரந்தியாக இருந்த கியானிஜி அதைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் நான்தான். உனக்கு ஆறேழு வயது இருக்கும். மாலையில் அவர் நூலை மூடித் துணிகளால் சுற்றித் தலைமேல் வைத்து, பக்கத்து அறையில் கட்டிலில் கொண்டுபோய் வைப்பதைப் பார்த்துவிட்டு, “புத்தகம்கூடத் தூங்குமா கியானிஜி?” என்று உன் முன்னாலேயே கேட்டேன். இருபது வருஷம் தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக் கற்றுக்கொண்ட தமிழில் அவர் சொன்னார்: “உங்க காலேஜ்ல லைப்ரரி பூட்டறாங்கோ இல்ல டீச்சர்? புக்குக்கு அது நல்லது. நமக்கும் ரெண்டு இட்லி துன்ன டைம் வேணும்ல?” உன் அப்பா அடக்க முடியாமல் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, ஆனால் அந்த மனிதர்மேல் எனக்கு அன்றிலிருந்து ஒரு மரியாதை இருந்தது.

பதினொரு வயதில் நீ அவரிடம் அந்த நூலின் குர்முகி எழுத்துப் படிக்கப் போனபோது நான் தடுத்தேன். சனிக்கிழமை மாலை கணக்கு டியூஷன் என்றேன். அவர் வகுப்பைக் காலைக்கு மாற்றினார். காலையில் கராத்தே என்றேன். கராத்தே முடிந்து வரட்டும் என்றார். இப்படி இரண்டு மாதம் நடந்தது. கடைசியில் நீயே கராத்தேயை நிறுத்திவிட்டாய். பூசாரி வேலைக்கா என் பிள்ளையைப் பழக்குகிறீர்கள் என்று ஒருநாள் உன் அப்பாவிடம் கத்தினேன். கிரந்தி பூசாரி இல்லை, கடவுளுக்கும் நமக்கும் நடுவில் அவர் நிற்பதில்லை, நூலைத் திறப்பார், படிப்பார், மூடுவார், பத்திரமாக வைத்திருப்பார், அவ்வளவுதான் என்றார் அவர். ஆணோ பெண்ணோ படிக்கத் தெரிந்த யாரும் அந்த இடத்தில் உட்காரலாம் என்றும் சொன்னார். அவ்வளவுதானா என்று நான் ஏளனமாகக் கேட்டது நினைவிருக்கிறது. அவ்வளவும் எத்தனை பெரியது என்று எனக்குத் தெரியவந்தது இந்தத் திங்கட்கிழமைதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் அப்பா அந்த நவம்பரில் ஒரு காலை, ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து கொண்டிருந்தபோது வாசலிலேயே சரிந்தார். உனக்குப் பத்தொன்பது வயது. பத்தாம் நாளுக்குள் அவர் பெயரில் அகண்ட பாத் வைக்கவேண்டும் என்று கமிட்டியில் சொன்னார்கள். ஆயிரத்து நானூற்று முப்பது பக்கத்தையும் இரண்டு பகல் இரண்டு இரவு ஒரு கணம்கூட நிற்காமல் குரல் விட்டுப் படித்து முடிப்பது. ஆறு பேர், ஆளுக்கு இரண்டு மணி நேரம். நகரத்திலிருந்து வந்த மூன்று பேர், கியானிஜி, கமிட்டிச் செயலாளர் பக்ஷி சார், ஆறாவதாக நீ. ஒருவர் முடிக்கும்போது அடுத்தவர் குளித்துக் கைகழுவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அதே வரியைச் சேர்ந்து படிக்கத் தொடங்குவார். இரண்டு குரலும் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முதல் குரல் மெல்ல விலகும். நடுவில் இடைவெளி வரக்கூடாது. வாசிப்பவர் பேசக்கூடாது, எழக்கூடாது, அடுத்தவர் வந்து வாங்கிக்கொள்ளும்வரை அந்த இடத்தை விடக்கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

நீ அழவில்லை, தீபு. அது எனக்குப் பயமாக இருந்தது. முதல் நாள் இரண்டு முறை படித்தாய். இரண்டாம் நாள் விடிகாலை நாலிலிருந்து ஆறு வரை படித்துவிட்டு, கண் சிவந்து, உதடு வெடித்து ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்கு வந்தாய். காபியைக் குடிக்காமல் அப்பாவின் கட்டிலில் போய்ப் படுத்தாய். அன்று நகரத்து ஆட்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து கிளம்பிப் போய்விட்டார். அட்டவணை மாறியது. கியானிஜி பத்திலிருந்து பன்னிரண்டு வரை தன் முறையைப் படித்துவிட்டு, காய்ச்சல்காரர் முறையையும் சேர்த்து இரண்டு மணிவரை படிப்பார். இரண்டு மணிக்கு நீ. நீ ஒன்றரைக்கு அலாரம் வைத்திருந்தாய். அது அடிப்பதற்கு முன்னால் நான் போய் அதை அணைத்தேன். போனை எடுத்து என் அறையில் வைத்துக்கொண்டேன்.

பிள்ளை தூங்கட்டும் என்ற இரக்கம் என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இரக்கம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் அதோடு ஒரு வன்மமும் இருந்தது. என் புருஷனைக் கொடுத்துவிட்டேன், பிள்ளையையும் இவர்கள் அந்தப் புத்தகத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு வகுப்புக்கு நான் போகாவிட்டால் வேறொருவர் போய் நடத்துவதைப் போல யாராவது படித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். ஒன்றே முக்காலுக்கு பக்ஷி சார் போன் செய்தார். “பேட்டா கிளம்பிட்டானாம்மா?” என்றார். “கிளம்பிட்டான் சார், வந்துட்டே இருக்கான்” என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி, இரண்டு மணிக்கு நீ வந்து கியானிஜியை விடுவித்துவிடுவாய் என்று நம்பி, அவர் காரை எடுத்துக்கொண்டு மேற்குத் தாம்பரத்தில் லாட்ஜில் தூங்கிக்கொண்டிருந்த மற்ற இருவரையும் கூட்டிவரப் போய்விட்டார். அன்று பெய்த மழை உனக்குத் தெரியும். சுரங்கப்பாதையில் தண்ணீர். ஜிஎஸ்டி ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. ஹாலில் படிக்கத் தெரிந்தவர் கியானிஜி ஒருவரே என்று ஆகிவிட்டது. அவருக்கு அறுபத்து மூன்று வயது. சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றரை மணிக்கு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உனக்குப் பதில் யார் படித்தார்கள் என்று தெரிந்துகொண்டால் உன்னிடம் சொல்லவேண்டிய பொய்யைச் சரியாகச் சொல்லலாம் என்று ஆட்டோ பிடித்துப் போனேன். இதுவும் நீ தெரிந்துகொள்ளவேண்டியதுதான். கவலையில் போகவில்லை. ஹாலில் பக்ஷி சாரின் மனைவி மட்டும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், நீங்கள்தான் வந்துவிட்டீர்களே, நான் கீழே போய் ரொட்டி வேலையைப் பார்க்கிறேன் என்று சைகை காட்டிவிட்டு இறங்கிப் போனார். நான் நிமிர்ந்து பார்த்தேன். கியானிஜியின் குரல் போய்க்கொண்டே இருந்தது. ஆனால் அவர் கண் என்னைத் தாண்டி வாசல்படிக்குப் போனது. என் பின்னால் நீ வருகிறாயா என்று பார்த்தார். நீ வரவில்லை என்று தெரிந்ததும் என் முகத்தைப் பார்த்தார். அவரால் கேட்க முடியாது. கேட்டால் வாசிப்பு நிற்கும். நான் சொல்லியிருக்கலாம். எழுந்து கீழே ஓடிப்போய் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம், பக்ஷி சாருக்குப் போன் செய்திருக்கலாம், உன்னை எழுப்பி வரச்சொல்லியிருக்கலாம். எதைச் செய்தாலும் ஒன்றே முக்காலுக்கு நான் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். அதனால் உட்கார்ந்திருந்தேன். பத்துப் பன்னிரண்டு நிமிடம் அந்தக் குரல் தேய்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். உன்னை எழுப்பாததைவிட இதுதான் என்னால் தாங்க முடியாதது.

மூன்று ஐம்பத்திரண்டுக்குக் குரல் நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது ஆய்வுக்கூடப் பழக்கம், வேறொன்றும் இல்லை. கீழே மாவு மில் ஓடுகிற சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது. அவர் பக்கவாட்டில் சரிந்திருந்தார். நெற்றி முழுக்க வியர்வை. நான் ஈரப் புடவையோடு, கைகூடக் கழுவாமல் மேடைமேல் ஏறி அவர் தோளைப் பிடித்துக் கூப்பிட்டேன். கீழே ஓடி, லங்கர் என்கிற பொதுச் சாப்பாட்டுச் சமையலில் அல்வாவுக்கு வைத்திருந்த சர்க்கரையை ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து அவர் வாயில் போட்டேன். யாருக்கு என்று கேட்ட பெண்ணிடம் எனக்குத் தலைசுற்றல் என்றேன். அப்போதும் பொய். திரும்பி வந்தபோது ஒன்றைக் கவனித்தேன். உடம்பு சரிந்திருந்தாலும் அவர் வலது கையின் ஆள்காட்டி விரல் அந்த வரியின் மேலேயே இருந்தது. கண் திறந்ததும் முதலில் விரலைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தை. வாயிலிருந்த சர்க்கரையை விழுங்கிவிட்டு, அந்த வரியின் தொடக்கத்திலிருந்து படித்தார். மணி மூன்று ஐம்பத்தாறு. நாலரைக்கு பக்ஷி சார் அந்த இருவரோடும் வந்து சேர்ந்தார். ஒருவர் உட்கார்ந்து வாங்கிக்கொண்டார். கியானிஜி எழுந்திருக்க இரண்டு பேர் பிடிக்கவேண்டியிருந்தது. நீ எங்கே என்று பக்ஷி சார் கேட்டதற்கு, பாதி வழியில் உனக்கு மயக்கம் வந்ததால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்றேன். வீட்டுக்கு வந்து உன்னிடம், அட்டவணையை மாற்றிவிட்டார்கள், உன் முறை இனி மாலை ஆறு மணிக்குத்தான் என்றேன். இரண்டு பேரும் நம்பினீர்கள்.

மறுநாள் காலை நிறைவுக்கு முன்னால் கியானிஜி என்னைச் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். “படிப்பு ஒடஞ்சி போச்சி டீச்சர். நா சபைல சொல்லிட்றேன். திரும்பி மொதல்லேர்ந்து வெப்பாங்கோ” என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். “பையன் ஏன் வரல?” என்றார்.

“நான் எழுப்பல.”

“வந்துகினு இருக்கான்னு பக்ஷி சொன்னாரே?”

“நான்தான் அப்படிச் சொன்னேன்.” நான் நிறுத்தாமல் பேசினேன். உடைந்தது என்று சபையில் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், அந்த நேரம் யாருடையது என்று பார்ப்பார்கள், உன் பெயர் வரும் என்றேன். “அப்பாவுக்கு நடந்த படிப்பை நான்தான் ஒடைச்சேன்னு சாகற வரைக்கும் நினைப்பான். அவன் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல கியானிஜி. தாங்க மாட்டான்.” அவர் குனிந்து, தாறுமாறாகக் கிடந்த இரண்டு செருப்புகளைச் சேர்த்துவைத்தார். பிறகு சரி என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் அவருக்கு நன்றி சொன்னேன். என்ன கேட்டேன் என்று தெரியாமல் நன்றி சொன்னேன்.

நிறைவுப் பிரார்த்தனையில், வாசிப்பில் எழுத்துக் கூடியோ குறைந்தோ போயிருந்தால் மன்னிக்கவேண்டும் என்று கேட்கும் இடம் உண்டல்லவா? வழக்கமாக ஒரே மூச்சில் சொல்லிப்போகிற இடம். அன்று அங்கே அவர் குரல் அடைத்துக்கொண்டு நின்றது. கூட்டம் கைகூப்பி நின்றது. உன் அப்பாவை நினைத்து அழுகிறார் என்று நீ நினைத்தாய். அப்போதுதான் நீ முதல்முதலாக உடைந்து அழுதாய். என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நான் உன் முதுகைத் தடவிக்கொண்டு, நான் செய்தது சரிதான் என்று நினைத்தேன்.

அடுத்த ஏப்ரலில் அவர் கிரந்திப் பொறுப்பை விட்டுப் போனார். கண் சரியில்லை என்று கமிட்டியில் சொன்னார். வண்டலூரில் மகள் வீட்டோடு போய் இருந்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் நகரத்திலிருந்து யாரோ வந்துபோனார்கள். நீ இன்ஜினியரிங் முடித்தாய், பழைய மகாபலிபுரம் சாலையில் எட்டு மாதம் வேலை பார்த்தாய், விட்டாய், பஞ்சாபுக்குப் போய் ஒன்றரை வருஷம் முறையாகப் படித்துவிட்டு வந்தாய். நான் உன்னோடு மூன்று மாதம் பேசாமல் இருந்தேன். நல்ல மூளையை வீணாக்குகிறாய் என்று நினைத்ததாகச் சொன்னேன். அதுவும் முழு உண்மை இல்லை. நீ அந்த இடத்தில் போய் உட்கார்ந்தால் என்றாவது ஒருநாள் இது வெளியே வரும் என்ற பயம் எனக்கு.

போன ஞாயிறு சாப்பிடும்போது நீ சொன்னது நினைவிருக்கிறதா? பொறுப்பேற்பதற்கு வரச்சொல்லி மூன்று முறை கூப்பிட்டும், கால் வலி என்று கியானிஜி மறுத்துவிட்டார் என்றாய். பிறகு கையைக் கழுவிக்கொண்டே, “அப்பா போனப்போ கூட இருந்த மனுஷன், ஆறு மாசத்துல பையைத் தூக்கிட்டுப் போயிட்டார். அந்த இடத்தோட மதிப்பு அவருக்குத் தெரியலம்மா. நான் அப்படி விட்டுட்டுப் போக மாட்டேன்” என்றாய். வரும் ஞாயிற்றுக்கிழமை சபையில் பேசும்போதும் இப்படி ஏதோ சொல்லப்போவதாகச் சொன்னாய். மறுநாள் கல்லூரிக்கு விடுப்பு சொல்லிவிட்டு வண்டலூருக்குப் போனேன்.

மிருகக்காட்சி சாலைக்கு எதிர்ப்பக்கத் தெருவில் இரண்டாவது மாடி. அவர் பால்கனியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்கோ டீச்சர், காலைல இங்க சிங்கம் கத்தறது நல்லா கேக்கும். ஆட்டோக்காரன் இன்னா சொல்றான்னா, ‘இன்னா சிங்கு, சொந்தக்காரங்க பக்கத்துலயே வூடு புடிச்சிகினியா’ன்றான்” என்றார். நான் சிரிக்க முயன்றேன். மகள் டீ வைத்துவிட்டுப் போனாள். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “கண்ணு நல்லா கீது” என்றார். பிறகு அவர் சொல்லித்தான் தெரிந்தது, அந்த நிறைவு நாளிலிருந்து அவர் ஒருநாளும் தானாக விரும்பி நூலுக்குப் பின்னால் உட்காரவில்லை. வேறு ஆள் கிடைக்கும்வரை ஐந்து மாதம் கடனே என்று உட்கார்ந்திருக்கிறார். விட்ட பிறகு எங்கேயும் படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி நகரத்து குருத்வாராவுக்குப் போய்ப் பாத்திரம் கழுவிவிட்டு வருகிறார். யாரும் கொடுத்த தண்டனை இல்லை. தானாகப் போட்டுக்கொண்டது.

மயக்கம் உங்கள் தப்பில்லை, நான் செய்தது அது என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். “மயக்கத்தை நா தப்புன்னு சொல்லல டீச்சர். அது ஒடம்பு, வரும் போவும். நா மறைச்சேன் பாருங்கோ, அதான் தப்பு. கிரந்தி வேலைன்னா இன்னா? படிச்சா படிச்சோம்னு சொல்லணும், வுட்டா வுட்டோம்னு சொல்லணும். நூறு பேரு நம்பி உக்காந்துகினு இருக்காங்கோ. அவங்கள்ல பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. நா முழுசா படிச்சேன்னு சொன்னா முழுசா படிச்சேன்னு நெனப்பாங்கோ. அதைச் சொல்ல ஒரு ஆளு வேணும்னுதான் அந்த எடத்துல ஒருத்தன உக்கார வெக்கிறாங்கோ. நா அன்னிக்கு உங்க புள்ளய பார்த்தேன், புக்க பார்க்கல.”

தீபு, இருபத்து நான்கு வருஷமாக நான் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களின் பதிவேடுகளைத் திருத்துகிறேன். கருவி நடுவில் நின்றுபோய், அந்த இடத்து அளவை மட்டும் முன்னும் பின்னும் பார்த்து ஊகித்து எழுதிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டுபிடித்துப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்திருக்கிறேன். கருவி நின்றது என்று எழுது, அதற்கு மதிப்பெண் தருகிறேன், நிற்காததுபோல எழுதாதே என்று சொல்லியிருக்கிறேன். என் மாணவன் செய்திருந்தால் மன்னிக்காத ஒன்றை அந்த மனிதரைச் செய்யவைத்தேன், அதுவும் நடந்ததை நடந்தபடி சொல்வது ஒன்றே அவருடைய வேலையாக இருந்தபோது. எனக்கு நம்பிக்கை இல்லாத காரியம் என்பதால் அதில் பொய்க்கு எடை இல்லை என்று நினைத்துவிட்டேன். இன்றும் எனக்கு நம்பிக்கை வந்துவிடவில்லை. உன்னிடம் அப்படி நடிக்கமாட்டேன். ஆனால் அவர் எதைக் காவல் காத்தார் என்று இப்போது தெரிகிறது. அதற்கு நம்பிக்கை தேவைப்படவில்லை.

கிளம்பும்போது, உன்னிடம் சொல்லிவிட்டால் நீ பொறுப்பேற்காமல் போய்விடுவாயோ என்று அவரிடமே கேட்டேன். போகலாம், அது அவன் இஷ்டம், ஆனால் தெரிந்துகொண்டு உட்காரட்டும், தெரியாமல் உட்காரவேண்டாம் என்றார். திரும்ப முதலிலிருந்து அகண்ட பாத் வைக்கவேண்டுமா என்று கேட்டேன். அதை நீதான் சபையோடு சேர்ந்து முடிவு செய்யவேண்டும் என்றார். வைத்தால் நீங்கள் வந்து படிப்பீர்களா என்றும் கேட்டேன். அவர் வாசல்வரை வந்து, “பையன் இன்னும் வரி கடைசிய முழுங்கறானா?” என்று மட்டும் கேட்டார். சில சமயம் என்றேன். “சொல்லுங்கோ. கடைசி வார்த்த வரைக்கும் வெளிய வரணும்” என்றார்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று தெரிந்தும் சிலவற்றைச் சொல்கிறேன், ஒரு கிரந்தியைக் கெடுத்தவளுக்கு அது எப்படி நடக்கும் என்று தெரியும் என்பதால். உன்னிடம் யாரும் லஞ்சத்தோடு வரமாட்டார்கள். உன் இரக்கத்தைக் கேட்டுக்கொண்டுதான் வருவார்கள், என்னைப்போல, பிள்ளையைக் காட்டி, சாவைக் காட்டி. அவர்களுக்கு டீ கொடு, கூட உட்கார்ந்து அழு, நூலைப் பற்றிய பொய்யை மட்டும் கொடுக்காதே. அகண்ட பாத் வைத்தால் வாசிப்பவர் பக்கத்தில் எப்போதும் படிக்கத் தெரிந்த இன்னொருவர் இருக்கவேண்டும் என்று கமிட்டியிடம் கண்டிப்பாகக் கேள். ஆள் இல்லை என்பார்கள். கீழே ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும் பெண்களுக்குச் சொல்லிக்கொடு. பக்ஷி சாரின் மனைவிக்கு எழுத்து தெரிந்திருந்தால் அன்று வாசிப்பு நின்றிருக்காது, என் பொய்யும் நிலைத்திருக்காது. உடம்பு முடியாவிட்டால் முடியவில்லை என்று முன்கூட்டியே சொல். அந்த இடத்தில் உட்கார்ந்து வீரம் காட்டாதே. வேளைக்குச் சாப்பிடு.

நீ என்மேல் கோபப்படுவாய். படவேண்டும். கட்டிலில் கிடந்த உன்னைத் தூங்கவிட்ட கைதான் உன் அப்பாவுக்கு நீ செய்ய நினைத்ததையும் பிடுங்கிக்கொண்டது. ஒன்றை மட்டும் தெளிவாக நினைவில் வைத்துக்கொள். நீ உடைக்கவில்லை. நீ அலாரம் வைத்துவிட்டுப் படுத்தாய். அதற்குமேல் உன் பங்கு அதில் எதுவும் இல்லை. அந்த நான்கு நிமிடமும் என்னுடையது. அவர் தன்னுடையது என்று சொல்வார், ஒத்துக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை நீ உட்காருவதற்கு முன்னால் சபையில் இரண்டு நிமிடம் பேச அனுமதி வேண்டும் என்று பக்ஷி சாரிடம் கேட்டிருக்கிறேன். எதைப் பற்றி என்று கேட்டார். உன் அப்பாவுக்கு நடந்த வாசிப்பைப் பற்றி என்றேன். உருக்கமாகப் பேசப்போகிறேன் என்று நினைத்து உடனே பெயர் எழுதிக்கொண்டார். நீ வேண்டாமென்று சொல்லி அதை அடித்தாலும் கடிதத்தின் பிரதி அவரிடம் போகும். நீ பொறுப்பேற்காமல் விலகினாலும் அன்று நான் வந்து எழுந்து நின்று சொல்லுவேன். அதை உன் முடிவோடு நான் முடிச்சுப்போடவில்லை.

இந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில் கியானிஜியின் மகள் வீட்டு போன் நம்பரை எழுதியிருக்கிறேன். மூன்று முறை கூப்பிட்டும் வரவில்லை என்று நீ சொன்னவர், உன்மேல் இருந்த பாசத்தில் அன்று உண்மையை மறைத்ததால்தான் வரவில்லை. படித்து முடித்ததும் என் அறைக்கு வராதே. நான் கல்லூரியில் இருந்தால் எனக்குப் போனும் செய்யாதே. அவரிடம் முதலில் பேசு. என்னிடம் அப்புறம் வரலாம், அல்லது வராமலும் இருக்கலாம்.

அம்மா